நான் நிரப்பச் சொன்ன கட்டம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் அக்கா என்று ஒஃபிஸில் இருந்து கேட்டார்கள். நான் வேலையை விட்டு ஒன்றரை வருடமாகிறது. உற்சாகமூட்டும் வார்த்தை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். இல்லை, நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார்கள். சரி, எழுதுகிறேன். வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் புத்தூர்க்காரி. வெங்காயமும் புகையிலையும் போட்ட குடும்பம். இருபது வருடம் கொழும்பில் மென்பொருள் எழுதினேன். அம்மா படுக்கையில் விழுந்ததும் ஊருக்கு வந்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மாடியில் இருந்த எங்கள் சிறிய கொம்பனியில் சேர்ந்தேன். கீழே போட்டோக்கொப்பிக் கடை. அந்த மெஷின் ஓடும்போது எங்கள் மேசை நடுங்கும். நீங்கள் இப்போது குளிரூட்டியோடு இருக்கிறீர்கள் என்று கேள்வி. இருங்கள், நல்லாய் இருங்கள்.

ஒரு தரவு எண்ணா, எழுத்தா என்று வகை குறித்து வைப்பதைத்தான் நாங்கள் ரைப் என்போம்; என்னை எல்லாரும் ரைப் பைத்தியம் என்று சொல்வார்கள். முகத்துக்கு நேரேயும் சொன்னார்கள். காரணம் இருந்தது. ஊருக்கு வந்த புதிதில் ஒரு பாடசாலைக்குப் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் செயலி செய்தோம். போன் இலக்கத்தை வெறும் எண் என்று எடுத்துவிட்டோம். எண்ணுக்கு முன்னால் வரும் பூச்சியத்துக்கு மதிப்பு ஏது? எல்லா இலக்கத்திலும் முதல் பூச்சியம் விழுந்துபோனது. மழை வெள்ளத்தால் பாடசாலை இல்லை என்ற செய்தி ஒருவருக்கும் போகவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த பிள்ளைகளைப் படலையில் நின்று அதிபர் திருப்பி அனுப்பினார். அந்த வெட்கத்தில்தான் நான் சபதம் எடுத்தேன். போனில் இருக்கும் செயலியும் எங்கோ இருக்கும் சேர்வரும் பேசிக்கொள்கிற ஒப்பந்தத்தைத்தானே ஏபிஐ என்கிறோம்? அதில் எது வரலாம், எது வரக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ரைப் எழுதி வைப்பேன். பிழையான ஒன்றை எழுத நினைத்தாலே, கோட்டைச் சரிபார்க்கும் கொம்பைலர் கழுத்தைப் பிடிக்க வேண்டும். இன்றைக்கும் அது நல்ல வழிதான் என்று சொல்வேன். ஆனால் அந்த வழியில் நடந்து நான் போய்ச் சேர்ந்த இடத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

வடமராட்சிக் கரையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே இருந்த கடற்றொழிலாளர் சங்கம் தங்கள் படகுப் பதிவைப் போனுக்கு மாற்றித் தரும்படி எங்களிடம் கேட்டது. பின்னேரம் எந்தப் படகு கடலுக்குப் போனது, விடிய எந்தப் படகு வந்தது, அவ்வளவுதான். நானும் நிரோஷனும் போனோம். நிரோஷன் எங்களிடம் சேர்ந்து இரண்டு வருடமான பொடியன், மெத்தக் கெட்டிக்காரன், வாய் குறைவு. நெல்லியடியில் இறங்கி ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர ஒன்பது மணி. மீன் ஏலம் முடிந்து கரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சங்கக் கிளார்க் இராசநாயகம் அண்ணை ஒரு பெரிய கொப்பியை எடுத்துக் காட்டினார். கோடு போட்ட கட்டங்கள். போன படகுக்கு ஒரு சரி, வந்த படகுக்கு இன்னொரு சரி.

"வராததுக்கு என்ன போடுவியள் அண்ணை?" என்று கேட்டேன்.

"ஒண்டும் போடுறேல்லை."

"ஒண்டும் போடாட்டில் எப்பிடித் தெரியும்?"

"கட்டம் வெறுமையாய்க் கிடந்தால் தெரியுந்தானே. எழும்பிப் போய்க் கரையிலை நிக்கிறவையைக் கேப்பன். அவையள் பாத்துக்கொள்ளுவினம்."

கொப்பியைப் புரட்டினேன். பழைய பக்கம் ஒன்றில், எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது. இது விடுபட்டுப் போய்விட்டதே என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் என் விரலை மெல்ல விலக்கிவிட்டுக் கொப்பியை மூடினார். "அது அப்பிடியே கிடக்கட்டும் பிள்ளை," என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடம் அது. எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற நினைப்பு.

வெறுங்கட்டம் எனக்குப் பிடிக்காது. எங்கள் தொழிலில் ஆருக்குத்தான் பிடிக்கும்? பாதி விபத்துகள் அதனால்தான் வருகின்றன. எங்கள் வீட்டில் பொழுதுபட்டால் மாடு பட்டிக்கு வந்ததா, வரவில்லையா என்று இரண்டே கேள்விதான். படகும் அப்படித்தான் என்று நினைத்தேன். காலை எட்டு மணிக்கு அந்த நாளின் பதிவை முடிக்க வேண்டும். முடித்த நாளில் ஒவ்வொரு படகும் 'வந்தது' அல்லது 'வரவில்லை', இரண்டில் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மூன்றாவது கிடையாது, வெறுமை கிடையாது. அந்த நாளை முடிக்காவிட்டால் அடுத்த பயணத்துக்கான பக்கம் திறக்காது. முடித்த நாளை ஒருவரும் திருத்த முடியாது. 'வரவில்லை' என்ற பொத்தானை அமத்தினால் அந்தக் கரையில் உள்ள ஐந்து சங்கங்களுக்கும் அந்தப் படகின் வீட்டுக்காரருக்கும் அதே கணம் அறிவிப்புப் போகும். எல்லாம் வந்துவிட்டால், எல்லாம் கரை சேர்ந்தன என்று ஐந்து சங்கங்களுக்கும் ஒரு செய்தி போகும். எவ்வளவு வடிவான ரைப் தெரியுமா? எழுதி முடித்துவிட்டு நானே பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

நிரோஷன் ஒரேயொரு கேள்வி கேட்டான். "அக்கா, எட்டு மணிக்கு இன்னும் தெரியாதெண்டால் என்ன போடுறது?"

"தெரியாது எண்டு ஒண்டை வைச்சால் எல்லாரும் அதைத்தான் அமத்துவினம். பிறகு எங்கடை வேலைக்கு என்ன அர்த்தம்? விசர்க்கதை கதையாதை."

அவன் தன் திரைப் பக்கம் திரும்பி வேலையைத் தொடர்ந்தான். நான் உங்களுக்குச் சொல்வது இதுதான்: மேலே இருக்கிறவர் விசர்க்கதை என்று சொன்னால், தயவுசெய்து இன்னொருமுறை கேளுங்கள். இரண்டாம் முறையும் ஏசினால் மூன்றாம் முறை கேளுங்கள். அவன் திரும்பவும் கேட்டிருந்தால் நான் காதில் போட்டிருப்பேனோ தெரியாது. என் அப்போதைய தலைக்கனத்துக்கு, கேட்டிருக்கமாட்டேன்.

ஏழு மாதம் ஓடியது. ஒரு பிழை இல்லை. ஒரு நாள்கூட 'வரவில்லை' என்று ஒரு பதிவு இல்லை. அதைப் படமாக்கிக் கூட்டங்களில் காட்டினேன், கைதட்டினார்கள். நிரோஷன்தான் ஒருநாள் திரையைக் காட்டினான். சில நாட்களில் இரண்டு மூன்று படகுகள் ஏழு ஐம்பத்தெட்டுக்கு ஒன்றாக வந்ததாகப் பதிவாகியிருந்தன.

"இதென்ன அக்கா, எல்லாம் ஒரே நிமிசத்திலை வருமோ?"

"எங்கடை ஆக்கள் எந்த வேலையைக் கடைசி நிமிசத்துக்கு முந்திச் செய்திருக்கினம்?" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

வாடைக்காற்றுக் காலம். ஒருநாள் மத்தியானம் ஒரு மணியளவில் இராசநாயகம் அண்ணை எடுத்தார். குரல் சரியில்லை.

"பிள்ளை, காலமை போட்ட ஒரு பதிவை அழிக்கேலுமோ?"

"ஏலாது அண்ணை. நாள் முடிச்சாச்செல்லோ. அதை நீங்கள் முடிக்க முந்திப் பாத்திருக்கவேணும்."

"இல்லைப் பிள்ளை, ஒரு படகு..."

"அண்ணை, ஒருவரும் பிறகு கைவைக்கக் கூடாதெண்டுதானே அப்பிடிச் செய்தது. நீங்களும் தலையாட்டினனீங்கள்."

எவ்வளவு நேரம் அந்த மனிதனோடு அப்படி வாதாடினேன் என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும், பத்தும் இருக்கலாம். ஏன் அழிக்க வேண்டும் என்று நான் கேட்கவேயில்லை. கடைசியில் அவர் கத்தினார். "சிவநேசன் வரேல்லையடி பிள்ளை! விடியவே வரேல்லை!"

சிவநேசன் தனியாகத் தொழிலுக்குப் போகிறவர், நாற்பது வயதிருக்கும். காலை எட்டு மணிக்கு அவர் படகு வரவில்லை. ஆனால் எங்கள் பதிவில் ஏழு ஐம்பத்தெட்டுக்கு அது வந்துவிட்டது. எல்லாம் கரை சேர்ந்தன என்று ஐந்து சங்கங்களுக்கும் நல்ல செய்தி போயிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் கேளுங்கள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கோட் எழுதத் தொடங்கினேன். முடித்த நாளைத் திறக்க ஒரு வழி, அதற்கு ஒரு ரைப், அதற்கு ஒரு சோதனை. கொம்பைலர் ஓரிடத்தில் சிவப்புக் காட்ட அதைத் திருத்தினேன், இன்னோரிடத்தில் காட்டியது. கடலில் ஒரு மனிதன். நான் சோதனை எழுதிக்கொண்டிருக்கிறேன். நிரோஷன் என்ன செய்தான்? போனை எடுத்து ஐந்து சங்கங்களுக்கும் ஒவ்வொன்றாக அடித்தான். "அந்தச் செய்தி பிழை. ஒரு படகு வரேல்லை. கெதியாய்ப் போங்கோ." அவ்வளவுதான். அதைச் செய்ய ரைப் தேவையில்லை, வாய் இருந்தால் போதும். நான் அவனைப் பார்த்து, சத்தம் போடாதை, எனக்கு யோசிக்கேலாமல் கிடக்கு என்று வேறு சொன்னேன்.

மூன்றாவதாக எடுத்த சங்கத்தில் ஒரு தொழிலாளி போனை வாங்கிக் கதைத்திருக்கிறார். காலை ஏழு மணிபோல் தான் திரும்பி வரும்போது தூரத்தில் ஒரு படகு எஞ்சின் ஓடாமல் நீரோட்டத்தில் இழுபட்டுக்கொண்டு போவதைக் கண்டாராம். தன் படகில் எண்ணெய் மட்டுமட்டு. கரைக்கு வந்து எண்ணெய் போட்டுக்கொண்டு போய்ப் பார்ப்போம் என்று வந்தவர், போனைப் பார்த்தால் எல்லாம் கரை சேர்ந்தன என்று கிடந்தது. "அப்ப நான் கண்டது வேறை ஆற்றையோ எண்டு விட்டிட்டன் தம்பி," என்று அந்த மனிதர் அழுதாராம்.

அன்று பின்னேரம் பத்துப் பதினைந்து படகுகள் போயின. காற்று அதற்குள் எழும்பிவிட்டது. மூன்றாம் நாள் படகு கிடைத்தது. எஞ்சினின் மூடியைக் கழற்றி வைத்து அவர் ஏதோ திருத்தப் பார்த்திருக்கிறார். ஆள் இல்லை. அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை.

நான்காம் நாள் நான் கரைக்குப் போனேன். இராசநாயகம் அண்ணை சங்க வாசலில் குந்தியிருந்தார். ஏன் அண்ணை அப்படி அமத்தினீர்கள் என்று கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். யார் தலையிலாவது அதைக் கட்டிவிட வேண்டும் போல் இருந்தது.

"கலா முன்னாலை நிண்டது," என்றார். கலா சிவநேசனின் மனைவி. "காலமையிலை இருந்து உந்த யன்னலுக்குள்ளாலை என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டது. நான் எப்பிடிப் பிள்ளை அவள் பாத்திருக்க 'வரவில்லை' எண்டு அமத்துறது? அவளின்ரை போனிலையெல்லோ மணி அடிக்கும். கடலிலை நிக்கிற மனிசனை வரேல்லை எண்டு நாங்கள் வாயாலை சொல்லுறேல்லை. கையாலை எழுதுறதும் இல்லை. எங்கடை கரையிலை ஒருத்தரும் செய்யமாட்டினம்."

"அப்ப இவ்வளவு நாளும்?"

"பிந்தி வாறதுக்கெல்லாம் வந்தது எண்டுதான் அமத்தினனான். பிறகு கரையிலை போய் நிண்டு பாப்பன், எல்லாம் வந்திடும். அண்டைக்கு எண்டு பாத்து அடுத்த பயணத்துக்கு எழுத ஆக்கள் வரிசையிலை நிண்டிட்டினம். போய்ப் பாக்க மறந்துபோனன். கட்டம் வெறுமையாய்க் கிடந்திருந்தால் மறந்திருக்கமாட்டன் பிள்ளை. அது என்னைப் பாத்துக்கொண்டெல்லோ கிடக்கும்."

அவர்கள் அந்தக் கொப்பியில் வெறுமையை வைத்துத்தான் ஆட்களைத் தேடினார்கள். அபசகுனமான ஒரு சொல்லைச் சொல்லாமல், எழுதாமல், ஆனால் கண்ணை விட்டு அகலவிடாமல் வைத்திருக்க அவர்கள் கண்ட வழி அது. அதை நான் பிழை என்று சொல்லி அடைத்துவிட்டு, எழுதக்கூடாத சொல்லுக்கு ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தேன். கடலை அறியாத தோட்டக்காரி என்று சாட்டுச் சொல்லலாம். அதுவும் பொய். யுத்தத்தில் காணாமல் போன பிள்ளை திரும்பி வராது என்று எழுதிக் கையெழுத்து வைக்க மறுத்து, வருடக்கணக்காக வீதியோரம் படத்தோடு இருக்கும் தாய்மாரை இந்த மண்ணில் தினமும் பஸ்ஸில் கடந்துதான் வேலைக்குப் போனேன். கண்டும் எனக்கு உறைக்கவில்லை. படித்தவளாம்!

பிறகு ஒஃபிஸில் கூட்டம் நடந்தது. கோட்டை வரிவரியாகப் பார்த்தார்கள். ஒரு பிழையும் இல்லை. உண்மையில் ஒரு பிழையும் இல்லைதான். சங்கத்துக்கு அறிக்கை எழுத வேண்டும் என்றார்கள். நான்தான் எழுதினேன். செயலி எதிர்பார்த்தபடியே இயங்கியது, பதிவு செய்தவர் தவறான தெரிவைச் செய்துள்ளார் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அந்த ஒரு வரியால் இராசநாயகம் அண்ணையைக் கிளார்க் வேலையில் இருந்து நிறுத்தினார்கள். ஊரில் அவரோடு கதையாதவர்களும் இருக்கிறார்கள். அறிக்கை எழுதும் இடத்தில் என்றாவது நீங்களும் உட்காருவீர்கள். அப்போது கை நடுங்கினால் எழுதாமல் எழும்பி வாருங்கள். என் கை அன்றைக்கு நடுங்கவேயில்லை, அதுதான் பயங்கரம்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை பத்து மணிக்குக் கலா எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் கடிதங்கள். கதிரையைக் கொடுத்தேன், நுனியில் இருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியுமோ என்று பயந்தேன். தெரிந்துதான் வந்திருந்தார்.

"அக்கா, கடலிலை துலைஞ்சது எண்டு ஒரு கடிதம் எடுக்கவேணும். போற இடத்திலையெல்லாம் சங்கத்தின்ரை பதிவைக் கேக்கினம். பதிவிலை அவர் வந்திட்டார் எண்டு கிடக்காம். வந்த ஆள் எங்கை எண்டு என்னைக் கேக்கினம். உதைத் திருத்தித் தருவியளோ?"

"திருத்தித் தாறன்," என்றேன். "என்னெண்டு திருத்திறது கலா? 'வரவில்லை' எண்டு போடட்டோ?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதை என்னைக் கேக்காதேங்கோ. நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ. நான் வாயாலை சொல்லமாட்டன்."

நிரோஷன் அன்று லீவு. முடித்த நாளைத் திறக்கும் வழியைச் சிவநேசன் வராத அன்றே எழுதி முடித்திருந்தும் ஒருமுறைகூடப் பாவிக்கவில்லை, இப்போது திறந்தேன். சிவநேசனின் பெயர். ஏழு ஐம்பத்தெட்டு. வந்தது. அதுவரை அந்தக் கரையில் ஒருவர்கூடத் தொடாத பொத்தானை நான் அமத்தினேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் திரை தெளிவாகத் தெரியவில்லை. யோசிக்கவில்லை. அதற்கு முதல் எதையாவது நிறுத்தி வைக்க வேண்டுமா என்று ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

கலாவின் மடியில் இருந்த போன் மணி அடித்தது.

நான் எழும்பினேன். பறித்து எடுக்கலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அதற்குள் அவர் பொலித்தீன் பையை மெல்ல நகர்த்திவிட்டுப் போனை எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். உங்கள் படகு கரை சேரவில்லை. தேடுவதற்காக அருகிலுள்ள சங்கங்களுக்கு அறிவிக்கப்பட்டுள்ளது.

என் மேசையில் இருந்த போனும் அடிக்கத் தொடங்கியது. எடுத்தால் ஒரு சங்கத்தின் ஆள். பின்னால் கரையின் இரைச்சல், யாரோ ஓடுகிற சத்தம், எல்லாம் கலாவுக்கும் கேட்டது. "எந்தப் பக்கம் போகவேணும்? ரெண்டு படகு இறக்கியாச்சு, கெதியாய்ச் சொல்லுங்கோ!"

நான் போனைக் காதிலிருந்து இறக்கினேன். கலா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, ஏசவும் இல்லை. உண்மையாகவே அறிய வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"அப்ப, இவ்வளவு நாளும் உங்கடையாக்கள் அவரைத் தேடேல்லையோ அக்கா?"